செல்லையாவின் ஜீப்பும் நான் எழுதாத வரியும்

போன வாரம் நீங்கள் மூன்று பேர் கோவிந்தாபுரம் வரைக்கும் பஸ் ஏறி வந்து, மெக்கானிக் சங்கத்து மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டீர்கள். கேரளத்து வண்டிப்பெரியாரில் நான் மெக்கானிக்காக இருந்த காலத்தைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். உங்களில் ஒருவர், "தப்பு பண்ணிட்டோம்னு தெரிஞ்சதும் அந்த டிரைவரத் தேடிப்போயி ஒத்துக்கிட்டீங்களாமே, அத எழுதுங்க மேஸ்திரி" என்றார். நான் சிரித்து மழுப்பினேன். நீங்கள் போன பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

அந்தக் கதை இத்தனை வருஷம் கழித்து உங்கள் வரைக்கும் நடந்து வந்திருக்கிறது. ஆனால் அது அப்படி நடக்கவில்லை. நடந்ததை இப்போது எழுதுகிறேன். மலரில் போடுவதா வேண்டாமா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில், பெட்ரோல் விலை எகிறிப்போய்க் கிடந்த சமயம். எனக்கு இருபத்தெட்டு வயது. ஆற்றோரத்துத் தகரக் கொட்டகை ஒர்க்ஷாப்பில் நான்தான் பெரிய மெக்கானிக். சுற்றுப்பட்ட தேயிலை எஸ்டேட் ஜீப்பெல்லாம் எங்களிடம்தான் வரும். டிரைவர்கள் எனக்கு 'காது மேஸ்திரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருவர் வந்து வாயாலேயே 'டொக் டொக்' என்றோ 'கர்ர்' என்றோ சத்தம் போட்டுக் காட்டுவார். நான் ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமலே இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். மீதி இரண்டை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை, நான் உட்பட.

எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. எஸ்டேட் ஜீப் ரிப்பேர் முடிந்து போகும்போது மெக்கானிக் ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். கோளாறுக்குக் காரணம் 'தேய்மானம்' அல்லது 'ஓட்டுநர் பிழை'. இந்த இரண்டில் ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஓட்டுநர் பிழை என்று எழுதினால் எஸ்டேட் ஆபீசில் டிரைவருக்கு ஒரு மெமோ. மூன்று மெமோ ஆனால் வேலை போகும். வேலை போனால் தொழிலாளர் லயத்தில் இருக்கிற வீடும் போகும், ஏனென்றால் லயம் எஸ்டேட்டுடையது. ஒரு துண்டுக் காகிதத்தில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் டீ குடித்துக்கொண்டே எழுதுவேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வெயில் மாதங்களில் ஜீப்பின் முன் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிடுவார்கள். முன் சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகிற தண்டு அதுதான். காய்ந்த பாதையில் நான்கு சக்கர இழுவை தேவைப்படாது, வீணாகச் சுற்றுகிற இரும்பு குறைந்தால் பெட்ரோல் மிச்சம் என்பது கணக்கு. கழற்றிய ஷாஃப்டுகள் எஸ்டேட் பெயர் எழுதிய அட்டையோடு எங்கள் சுவரில் வரிசையாகத் தொங்கும். ஜூன் மாத இடவப்பாதி மழைக்கு முன்னால் திரும்ப மாட்டிக்கொடுப்போம்.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. ஒரே நாளில் பத்து ஜீப் வாசலில் வரிசை கட்டி நின்றது. டிரைவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், முதலாளி கத்துகிறார், தகரத்தின் மேல் மழை வேறு. நான் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டித் தள்ளினேன். அதில் ஒரு ஷாஃப்ட் சுவரில் தொங்கியபோதே இரண்டு துண்டாகக் கழன்று கிடந்தது. ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினேன், கிரீஸ் அடித்தேன், மாட்டினேன், அடுத்த வண்டிக்குப் போனேன். அது செல்லையாவின் ஜீப்.

செல்லையாவுக்கு என்னைவிடப் பத்து வயது கூடுதல். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலை ஏறிய குடும்பம். மனைவி கொழுந்து பறிப்பவர், இரண்டு பெண் பிள்ளைகள். அவர் ஓட்டியது எஸ்டேட்டின் டிஸ்பென்சரி ஜீப். நோயாளிகள், பிள்ளைத்தாய்ச்சிகள், கவாத்துக் கத்தி பட்டுக் கையை அறுத்துக்கொண்டவர்கள் எல்லோரும் அவர் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்கு மலை இறங்குவார்கள். அதிகம் பேச மாட்டார். வண்டியை விட்டு இறங்கும்போது கதவை அடித்துச் சாத்தாமல், பிள்ளை தூங்குகிற வீட்டில் சாத்துவதுபோல மெதுவாகச் சாத்துவார்.

மழை தொடங்கி இரண்டு வாரத்தில் வந்தார்.

"மேஸ்திரி, ஃபேக்டரி வளைவு எறக்கத்துல ஒரு சத்தம் கேக்கு. ஃபோர் வீல்ல, ரெண்டாவது கியர்ல, ஆள் இருக்கும்போது, கால எடுத்தா டடக்... டடக்னு அடிக்கு."

நான் ஸ்டூலில் இருந்தபடியே கேட்டேன். "தார் ரோட்டுக்கு வந்ததும் ஃபோர் வீல் லீவர எடுக்கறீங்களா?"

"எடுக்கேன் மேஸ்திரி."

"எடுத்திருக்க மாட்டீங்க. மழைக்குப் பயந்துட்டு எல்லாரும் லீவரப் போட்ட மானிக்கே தார் ரோட்ல ஓட்டறீங்க. முன் வீலும் பின் வீலும் முறுக்கிக்கிட்டு நிக்கும், கால எடுத்தா டக்குனு அடிக்கும். போயி ஒழுங்கா ஓட்டுங்க."

இது பொய்யான விளக்கம் இல்லை. அந்த மழைக்காலத்தில் மட்டும் அதே கோளாறு ஆறேழு பேரிடம் இருந்தது. அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று. ஆறு பேருக்குப் பொருந்தின பதில் என் வாயில் தயாராக இருந்தது, ஏழாவது ஆள் சொல்லி முடிப்பதற்குள் அதைத் துப்பிவிட்டேன்.

பத்து நாளில் திரும்பவும் வந்தார். இந்த முறை சத்தம் லீவர் போட்டாலும் கேட்கிறது, எடுத்தாலும் லேசாகக் கேட்கிறது என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நான் ஒருவேளை எழுந்து பார்த்திருப்பேன். அவர் இன்னொன்றும் சொன்னார்.

"தப்பா நெனைக்காதிய. நீங்க ஷாஃப்ட் மாட்டிக் குடுத்த அன்னையிலருந்துதான் இந்தச் சத்தம்."

தம்பிகளே, ஒரு டிரைவர் 'அன்னையிலிருந்து' என்று சொன்னால் அதைவிடப் பெரிய தடயம் நமக்குக் கிடைக்காது. எந்த நாளிலிருந்து என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் என் காதில் விழுந்தது தடயம் இல்லை. வேலையாட்கள், வேறு இரண்டு டிரைவர்கள், முதலாளி எல்லோரும் கேட்க, என் வேலையில் குற்றம் சொல்கிறான் என்பதுதான் விழுந்தது. எனக்கு முகம் சூடாகிவிட்டது.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஜீப்பை எடுத்தேன். அவரை ஏறச் சொல்லவில்லை. காலி வண்டியை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சமமான தார் ரோட்டில், லீவர் போடாமல் ஓட்டிப் பார்த்தேன். மழைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அவர் சொன்னது இறக்கம், கல்லுப் பாதை, ஆள் பாரம், ஃபோர் வீல். நான் பார்த்தது இந்த நான்கில் ஒன்றும் இல்லாத இடம். கேட்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு போனவனுக்கு அந்த ரோடு வசதியாக இருந்தது. திரும்பி வந்து சீட்டில் 'ஓட்டுநர் பிழை' என்று எழுதினேன். அவருக்கு முன்னாலேயே ஏதோ சில்லறைக் காரணத்துக்கு ஒரு மெமோ இருந்தது பிற்பாடுதான் தெரியும் என்று நான் வெளியில் சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய். ஒன்று இருந்தது எனக்கு அப்போதே தெரியும். என் சீட்டு இரண்டாவது.

ஆடி மாதம் ஒரு காலையில், ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு இறங்கிய செல்லையா ஃபேக்டரி வளைவுக்கு மேலேயே ஜீப்பை நிறுத்திவிட்டார். இதற்கு மேல் இந்த வண்டியில் கூட்டிப்போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வலி எடுத்துத் துடிக்கிற பெண்ணைக் கம்பளியில் படுக்கவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஒரு மைல் தூரம் தார் ரோட்டுக்கு நடந்தார்கள். செல்லையாவும் ஒரு முனையைப் பிடித்திருந்தார். ரோட்டில் ஒரு தேயிலை லாரி கிடைத்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் எஸ்டேட் முழுக்கப் பேச்சாகிவிட்டது. கம்பெனி ஓட்டை வண்டியைக் கொடுத்து ஆளைக் கொல்லப் பார்க்கிறது என்று தொழிலாளர்கள் ஆபீஸ் முன்னால் கூடிவிட்டார்கள்.

அன்று மதியமே மேனேஜர் ஜீப்போடு ஒர்க்ஷாப்புக்கு வந்தார். வெள்ளைக்காரர் இல்லை, நம்மூர்க்காரர்தான் என்றாலும் அப்போதும் அவரைத் 'தொரை' என்றுதான் கூப்பிடுவோம். பின்னால் செல்லையா நனைந்துபோய் நின்றார். வேட்டியெல்லாம் சேறு. எங்கள் முதலாளி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மேனேஜர் உட்காரவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வண்டியில கோளாறு உண்டா, இல்லையா? ஒரே வார்த்தை. கோளாறுன்னா தப்பு எங்க மேல. இல்லைன்னா இவன் மேல."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஐந்து வார்த்தை. பத்து நிமிஷம் குடுங்க, பாத்துட்டுச் சொல்றேன். அவ்வளவுதான். ஜீப் அங்கேயே நிற்கிறது. கீழே படுத்து ஒரு துணியால் துடைத்தால் போதும். ஆனால் பார்த்து, ஏதாவது இருந்துவிட்டால் நான் முன்பு எழுதிய சீட்டு என்ன ஆகும்? முதலாளி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காது மேஸ்திரி என்று பெயர் வேறு. நான் வண்டிப் பக்கமே திரும்பாமல் சொன்னேன்.

"வண்டியில ஒண்ணுமில்லீங்க தொரை. ஓட்டறதுலதானுங்க எல்லாம்."

செல்லையா கோபப்படவில்லை. மேனேஜரைக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம் வந்து, மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி சொன்னார்.

"மேஸ்திரி, ஒரே ஒரு தடவ கீழ குனிஞ்சு பாருங்க. இல்லேன்னா இல்லேன்னு நானும் போயிருதேன்."

நான் குனியவில்லை. சீட்டை எடுத்து மறுபடியும் 'ஓட்டுநர் பிழை' என்று எழுதினேன். அது மூன்றாவது மெமோ. அடுத்த வாரம் லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு அவர்கள் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். மனைவி அங்கேயே வேலை பார்த்திருக்கலாம், அந்த அம்மாள் மறுத்துவிட்டாராம்.

செல்லையா போன பதினைந்தாம் நாள் புது டிரைவர் அதே ஜீப்பைக் கொண்டுவந்தார். கீழே ஏதோ ஆடுகிறது என்றார். இவர் எனக்குப் புது ஆள், என்மேல் குற்றம் சொல்லாத ஆள். அதனால் உடனே படுத்துப் பார்த்தேன். பாருங்கள், குனிய எனக்கு முதுகு வலி ஒன்றும் இல்லை.

முன் ஷாஃப்டின் சேற்றைத் துடைத்தேன். அதன் இரண்டு துண்டிலும் ஆளுக்கொரு அம்புக்குறி வெட்டியிருக்கும், உங்களுக்குத் தெரியும். செருகும்போது இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். மாறிவிட்டால் ஷாஃப்ட் சீராகச் சுற்றாது, வெட்டி வெட்டிச் சுற்றும், இரண்டு முனையிலும் அதை இணைக்கிற கிராஸ் அடி வாங்கியே தேயும். என் கண்ணுக்கு முன்னால் ஒரு அம்பு மேலே பார்த்தது, இன்னொன்று பக்கவாட்டில் பார்த்தது. முன்பக்கத்துக் கிராஸில் ஒரு மூடி உடைந்து, ஊசிபோன்ற பேரிங் துண்டுகள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்தன. பாரத்தோடு இன்னும் இரண்டு இறக்கம் தாங்கியிருக்காது. அந்தத் தண்டு முன்பக்கம் கழன்று கல்லுப் பாதையில் குத்தியிருந்தால் வண்டி என்ன ஆகியிருக்கும், அதற்குள் யார் இருந்திருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வண்டிக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் கிடந்தேன். வெளியே வர வெட்கமாக இருந்தது. முதலாளி மலையாளத்தில், "எந்தாடா, உறங்கிப் போயோ?" என்று காலைத் தட்டினார்.

எழுந்து, ஷாஃப்டைக் கழற்றி, அம்புகளை நேராக வைத்துச் செருகி, புதுக் கிராஸ் போட்டேன். சத்தம் போய்விட்டது. சீட்டில் 'தேய்மானம்' என்று எழுதினேன். முதலாளியிடம் சொல்லவில்லை, எஸ்டேட்டுக்கும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஏலக்காய்ப் பருவம் வந்துவிட்டது.

நீங்கள் கேள்விப்பட்ட கதை இங்கேதான் தொடங்குகிறது. நான் ஏலத்தோட்டங்கள் இருக்கிற ஆனைக்கரைக்குச் செல்லையாவைத் தேடிக்கொண்டு போனேன் என்று. இல்லை. ஆனைக்கரையில் வேறொருவர் ஜீப் படுத்துவிட்டது, அதைப் பார்க்கப் போனேன். வேலை முடித்துக் கை கழுவத் தண்ணீர் கேட்டு ஒரு ஏலக்காய் ஸ்டோருக்குள் நுழைந்தேன். காய் உலர்த்துகிற அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தவர் திரும்பினார். முகமெல்லாம் கரி. செல்லையா.

எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. அவர்தான் முதலில் பேசினார். "வாங்க மேஸ்திரி" என்று கையைத் துடைத்துக்கொண்டார். காய் பொறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வண்டி ஓட்டலியாங்க?" என்று கேட்டேன்.

"நாலு எடத்துல கேட்டுப் பாத்தேன். காது மேஸ்திரியே எழுதிக் குடுத்துட்டாராம்லா, பெறவு யாரு வண்டியக் குடுப்பா?" என்றார். குரலில் குத்தல் இல்லை. இன்னொரு விறகைத் தள்ளிவிட்டு, "எனக்கே சந்தேகம் வந்துட்டு மேஸ்திரி. இல்லாத சத்தம் காதுல கேக்கவன் ஆளுகள வச்சு ஓட்டலாமா? அதான் நானும் கேக்கத விட்டுட்டேன்" என்றார்.

வேலையும் வீடும் போனது எனக்குத் தெரியும். இது எனக்குத் தெரியாது. இருபது வருஷம் வண்டி ஓட்டிய மனிதருக்குத் தன் காதுமேலேயே நம்பிக்கை இல்லாமல் செய்திருந்தேன்.

"சத்தம் இருந்துச்சுங்க" என்றேன்.

"என்னது?"

"இருந்துச்சுங்க. முன் ஷாஃப்ட்ல. கிராஸ் தேஞ்சு மூடி ஒடஞ்சு போயிருந்துது. நீங்க சொன்னது அத்தனையும் சரிதானுங்க."

அவர் அடுப்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பெரிய குரலில் மனைவியைக் கூப்பிட்டார். அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

"ஏட்டி, கேட்டியா? சத்தம் இருந்திருக்கு! மேஸ்திரி சொல்லுதாரு, இருந்திருக்கு!"

அந்த அம்மாள் எழுந்து வந்தார். புருஷனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அத எழுதித் தருவியளா?" என்று கேட்டார்.

என் பையில் சீட்டுப் புத்தகம் எப்போதும் இருக்கும். எழுதினேன். 'முன் ஷாஃப்ட் கிராஸ் தேய்மானம். ஓட்டுநர் பிழை இல்லை.' கையெழுத்துப் போட்டேன். அம்மாள் வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தார். செல்லையா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இதுக்காவ இம்புட்டுத் தூரம் தேடி வந்தியளே மேஸ்திரி. யாரு செய்வா?"

இல்லை, வேறு வேலையாக வந்தேன் என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மாள் அதற்குள் அடுப்பில் காபிக்குத் தண்ணீர் வைத்துவிட்டார். கிராஸ் ஏன் தேய்ந்தது என்று செல்லையா கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப காலம் என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். காபி வந்தது. சர்க்கரை தாராளமாகப் போட்டிருந்தார்கள். முழுவதும் குடித்தேன்.

அந்தச் சீட்டைக் காட்டியதும் ஸ்டோர்காரரே அவருக்குத் தன் ஜீப்பைக் கொடுத்தார். பதினேழு வருஷம் ஓட்டினார். போகிற இடமெல்லாம் என் கதையைச் சொன்னார். தப்பைத் தேடி வந்து ஒத்துக்கொண்ட மேஸ்திரி என்று. அதை நம்பி எத்தனையோ டிரைவர்கள் என்னிடம் வண்டி கொண்டுவந்தார்கள். நான் அதற்குப் பிறகு குனியாமல் ஒரு வார்த்தை சொன்னதில்லை, டிரைவரைப் பக்கத்தில் உட்காரவைக்காமல் ஓட்டிப் பார்த்ததில்லை, எந்த நாளிலிருந்து என்று கேட்காமல் ஸ்பானரைத் தொட்டதில்லை. இதெல்லாம் நீங்களும் செய்யுங்கள். ஆனால் இதைச் செய்ததால் அது நேராகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை.

செல்லையா இறந்தபோது போயிருந்தேன். அவருடைய மூத்த மகள் ஒரு தகரப் பெட்டியிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினாள். நான்காக மடித்து, மடிப்பெல்லாம் விட்டுப் போயிருந்தது. "அப்பா இத யாரையும் தொட விடமாட்டாக" என்றாள். வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துக்கும் இரண்டாவது வரிக்கும் நடுவில் இன்னொரு வரி எழுத இடம் இருந்தது. என் சட்டைப் பையில் பேனாவும் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மலரில் எவ்வளவு குறைத்தாலும் சரி, அந்த வரியை மட்டும் விட்டுவிடாமல் போடுங்கள். அவருடைய பெண்கள் படிப்பார்கள்.

'ஷாஃப்டைத் தப்பாக மாட்டியது நான்.'